திருகாணி மேல் நகப்பூச்சு

அத்தியாயம் 5

மேஜையின் மேல் அது கிடந்தது. உச்சி முதல் அடிவரை வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தது. சுற்றி மூன்று பேர் நின்றார்கள்.

"அண்ணி, முகத்தை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாமா?" என்று கொழுந்தன் தாழ்ந்த குரலில் கேட்டான். "இல்ல, உறவுக்காரங்க யாராவது இன்னும் வரணுமா?"

அவர்களை வரவழைத்த வீட்டுக்காரர் அவனை முறைத்தார். பிறகு இரண்டு விரலால் போர்வையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல விலக்கினார். உள்ளே ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது.

"காலையிலேர்ந்து யாரும் தொடல. நானும் தொடல. தூசி மேல கைரேகை ஏதாவது இருந்தா அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் போர்வை போட்டேன்."

"போர்வையே துடைச்சிருக்குமே சார்."

வீட்டுக்காரர் போர்வையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அண்ணி.

அவளை எல்லாருமே அண்ணி என்றுதான் சொல்வார்கள். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உதவிக்கு வந்தவன் அவள் கணவரின் தம்பி. அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், பெயர்ப் பலகையில் எழுதியிருந்த சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் அண்ணி கைகூப்பி ஒரு நிமிடம் கண்மூடி நிற்பாள். குற்றவாளி அகப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாளா என்று கொழுந்தன் ஒருமுறை கேட்டான். "குத்தம் செய்யாதவங்க யாரும் நம்ம கையில மாட்டிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறேன் தம்பி" என்றாள். அதற்குப் பிறகு, அவள் கண்ணை மூடும்போது அவனும் வாயை மூடிக்கொள்வான். அவனால் முடிந்த பெரிய தியாகம் அது.

இப்போதும் அப்படி நின்றுவிட்டுக் கண்ணைத் திறந்ததும், "சொல்லுங்க சார், என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் காணாமப் போகல."

"உடைஞ்சிருக்கா?"

"உடையல. ஆனா யாரோ திறந்திருக்காங்க மேடம். திறந்துட்டு, திறக்காத மாதிரி மூடி வச்சிருக்காங்க. உடைச்சாக்கூட மன்னிச்சிடுவேன்."

அறைக் கதவிலும் மேஜையிலும் பெட்டியின் நெற்றியிலும் சின்னச் சின்னப் பெங்குவின் படங்கள் ஒட்டியிருந்தன. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளின் அடையாளம் அந்தப் பறவை. யாருக்கும் காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம், அதனால் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ்தான் என்பது வீட்டுக்காரரின் கட்சி. மற்றவர்கள் தூக்கிப்போடும் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, துடைத்து, லினக்ஸ் போட்டு உயிர்ப்பித்து, பக்கத்துத் தெரு நூலகத்தில் வைத்திருந்தார். அங்கே சாயங்காலங்களில் வயதானவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. நடத்துபவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய இருபது வருட நண்பர், ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் கடையில் விண்டோஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் இவர் அவருக்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்தார். பதிலுக்கு அவர் இவருக்கு வைத்த பெயர் 'பெங்குவின்'. இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன.

"திறந்திருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பெங்குவின் பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்தார். பின்புறத் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலையிலும் ரோஜா நிறத்தில் ஏதோ மினுங்கியது.

"நகப்பூச்சு. உள்ள மினுக்குத் துகள் கலந்தது. காயும்போது துகள் எங்கெங்க உக்காருதோ அங்கேயே நின்னுடும். மறுபடி பூசினா அதே மாதிரி வரவே வராது. பூசினதும் போட்டோ எடுத்து வச்சிடுவேன். தினமும் காலையில லென்ஸ் வச்சு ஒப்பிட்டுப் பாப்பேன்."

"தினமுமா?" என்றான் கொழுந்தன்.

"பல்லு தேச்சதும்."

"இதை வாங்கறப்ப கடையில ஒண்ணும் கேக்கலையா சார்?"

"உங்க கலருக்கு மெரூன் நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றார் பெங்குவின், கொஞ்சமும் சிரிக்காமல்.

அண்ணி அவர் நீட்டிய போட்டோவை வாங்கித் திருகாணிகளோடு ஒப்பிட்டாள். போட்டோவில் பூச்சு திருகாணியைத் தாண்டி வழிந்து, ஓரத்தில் விரல் தேய்ப்பும் விழுந்து, யாரோ ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து பூசியது போல இருந்தது. இப்போது இருந்த பூச்சு தலையின் விளிம்போடு அழகாக நின்றிருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

"திருடன் உங்களைவிட நல்லாப் பூசியிருக்கான்" என்றான் கொழுந்தன்.

"அங்கதான் மாட்டிக்கிட்டான்" என்று பெங்குவின் விரலை ஆட்டினார். "ஜன்னலோட பொண்ணு பியூட்டி பார்லர் வச்சிருக்கா. நான் ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இல்லாதப்ப இவன் இங்க வந்திருக்கான். கீழ வாட்ச்மேன் பாத்திருக்கார். அவனுக்கு என் மெஷின் மேல எப்பவும் ஒரு கண்ணு. ஏதாவது ஒரு வேவு பாக்கற சிப்பை உள்ள வச்சிருப்பான். நான் பாஸ்வேர்டு அடிச்சதும் அது அவனுக்குப் போயிடும்."

"உள்ள அப்படி என்ன இருக்கு?"

"கிளாஸுக்கு நான் எழுதின பாடங்க. குடும்ப போட்டோ. அப்புறம்..." கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதான். ஆனா அது முக்கியமில்ல மேடம். நம்பிக்கை போயிடுச்சு. காலையிலயே போன்ல நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டேன். இனிமே கிளாஸ் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு ஆறு மணிக்குக் கிளாஸ் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் செய்தி போகும். எழுதி வச்சுட்டேன். ராத்திரி டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கப் போறேன்."

ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளிருந்து போனை எடுத்தார்.

"போன் டின்னுக்குள்ள இருக்கே" என்றான் கொழுந்தன்.

"தகர டின்னுக்குள்ள இருந்தா யாரும் ஒட்டுக் கேக்க முடியாது."

"கூப்பிடவும் முடியாதே சார்."

"அதுவும் நல்லதுதான்."

செய்தியை அண்ணி படித்தாள். ஜன்னல் தன் வீட்டில் புகுந்து தன் கம்ப்யூட்டரைத் திறந்தார், அவரை இனி யாரும் நம்ப வேண்டாம் என்று இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால், அத்தனை பேர் முன்னாலும் ஒரு மனிதரின் நல்ல பெயர் போய்விடும்.

"ஆறு மணி வரைக்கும் இதை டின்னுக்குள்ளயே வையுங்க" என்றாள்.

பெங்குவினின் மனைவி டீ கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. கூடத்துச் சுவர்களில் இருந்த படங்கள் அவள் வரைந்தவை. விரல் நுனியில் கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது. டீயை வைத்தவள், கணவரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அண்ணி டீயைக் குடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரையின் மேலிருந்த கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாற்காலியில் ஒரு துண்டு தொங்கியது. பாஸ்வேர்டு அடிக்கும்போது கைமேல் போட்டுக்கொள்வதற்காம். வீட்டில் யார் இருந்தாலும் போடுவாராம். அலமாரியில் பசை டியூப், எண்ணெய்ப் புட்டி, நகப்பூச்சு எல்லாம் வரிசையாக இருந்தன.

"முத்திரை போடற பூச்சையே முத்திரை பக்கத்துல வச்சிருக்கீங்களே சார்" என்றான் கொழுந்தன். "பூட்டுல சாவியைத் தொங்க விட்ட மாதிரி இருக்கு."

"புட்டி இருந்தா என்ன? துகள் அதே மாதிரி உக்காராதே."

அண்ணி ஒவ்வொரு புட்டியாகத் திறந்து பார்த்தாள். பசை டியூபின் மூடி காய்ந்து ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. எண்ணெய்ப் புட்டி வழவழவென்று கையிலிருந்து நழுவியது. நகப்பூச்சு மட்டும் தொட்டதும் திறந்தது. வாய்ப்பகுதி துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் அதை மூடி வைத்தாள்.

கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் பால்கனிக் கதவு. அதற்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, வெளியே தெருவைப் பார்த்தபடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"இது எப்பவும் இப்படியா கிடக்கும்?"

"இல்லையே. கூடத்துல இருக்கறது அது" என்றார் பெங்குவின். "யார் கொண்டுவந்து போட்டாங்கன்னு தெரியல."

*

நூலகத்தில் ஜன்னல் ஈரத் துணியால் கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வராதே என்று காலையில் சொல்லப்பட்டவர், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்திருந்தார்.

அண்ணி தான் யாரென்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை உங்க நண்பர் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அவர் ஊர்ல இல்லைன்னு தெரியாமப் போனீங்களா?"

"தெரிஞ்சேதான் போனேன்."

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "இப்படி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்கன்னா எங்க பொழப்பு என்னாகறது சார்?"

"மெஷினைத் தொட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"இல்லம்மா."

"உள்ள திறந்து பாத்தீங்களா?"

ஜன்னலுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. "அந்தப் பக்கமே பாக்கல."

"அப்ப எதுக்குத்தான் போனீங்க?"

"அந்த வீட்டு டீ நல்லா இருக்கும்."

"இருபது வருஷ சிநேகிதத்தை ஒரு டீக்காகவா விடறீங்க?"

அவர் துணியைப் பிழிந்தார். பிழிய அதில் ஒன்றும் இல்லை. "அதுக்கு மேல கேக்காதீங்கம்மா. அவன் கோபக்காரன். ஒரு வாரம் போனா ஆறிடுவான்."

"ஆறு மணிக்கு எல்லாருக்கும் செய்தி அனுப்பப் போறார். நீங்க நம்பத்தகாத ஆள்னு."

துணி பிடித்த கை நின்றது. "கிளாஸ் நிக்கக் கூடாது" என்றார். "அவன் ஒருத்தனே நடத்தினாலும் போதும். என்னைவிட அவன்தான் நல்லாச் சொல்லிக் கொடுப்பான். ஆனா கொஞ்சம் நீளமா சொல்லுவான், யாராவது நடுவுல நிறுத்தணும்."

அந்த நேரம் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வகுப்புக்கு முன்னதாகவே வந்து, மகனிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "அண்ணே, எனக்கு மறந்து போச்சு, எங்க அமுக்கணும்?"

ஜன்னல் குனிந்து இடத்தைக் காட்டினார். அந்த அம்மாள் பாஸ்வேர்டுக்காக முதல் எழுத்தைத் தேடத் தொடங்கியதுமே, அவர் தானாக உடம்பைத் திருப்பி, எதிரே இருந்த புத்தக அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட நிறைய நேரம் ஆயிற்று. அவர் அசையவில்லை.

"ஆச்சும்மா?"

"ஆச்சுண்ணே."

அப்புறம்தான் திரும்பினார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, எனக்கு ஒரு வருத்தம். இந்த ஆளு திருடனா இருந்தா, நல்ல மனுஷங்க எப்படி இருப்பாங்கன்னு நான் முதல்லேர்ந்து படிக்கணும்."

"நீ படிக்க வேண்டாம். வண்டியை எடு" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "பால்கனி நாற்காலியில யார் உக்காந்திருந்தாங்கன்னு தெரிஞ்சு போச்சு. மேஜை நாற்காலியில யாருன்னுதான் தெரியணும்."

*

"ஆன் பண்ணுங்க சார்" என்றாள்.

"மாட்டேன்" என்றார் பெங்குவின். "பாஸ்வேர்டு அடிச்சா போச்சு."

"பாஸ்வேர்டு வேண்டாம். அதுக்கு முன்னாடி வர்ற முதல் திரை வரைக்கும் போதும். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாம். தினமும் அங்க என்ன தெரியும்?"

"தேதி. அதுவும் தப்பா இருக்கும். ஏதோ பழைய வருஷம் காட்டும். தினமும் காலையில நான் கையால திருத்துவேன்."

"ஏன் அப்படி?"

"கரண்ட் இல்லாதப்பவும் மணி ஓடறதுக்கு உள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது செத்துப் போச்சு. இன்டர்நெட்ல சேத்தா மணி தானா சரியாயிடும். ஆனா இந்த மெஷினை நான் நெட்ல சேக்கறதே இல்ல."

"பேட்டரி மாத்தக் கூடாதா?"

"மாத்தணும்னா திறக்கணும். திறந்தா முத்திரை போயிடும். மறுபடி எல்லாத்தையும் சோதிச்சு, பூசி, போட்டோ எடுத்து... அடுத்த மாசம் பாக்கலாம்னு இருந்தேன்."

"எத்தனை மாசமா அடுத்த மாசம்?" என்று கேட்டான் கொழுந்தன்.

பெங்குவின் பொத்தானை அமுக்கினார். மின்விசிறி முனகியது. திரை வெளுத்து, முதல் பக்கம் வந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

தேதி சரியாக இருந்தது. வருடம் சரி, மாதம் சரி, நாளும் சரி. மணியும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்றான் கொழுந்தன் பயபக்தியோடு, "வீடு புகுந்து கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டுட்டுப் போற திருடனை இப்பத்தான் பாக்கறேன். இவன் அட்ரஸ் கிடைச்சா எங்க வீட்டுக்கும் ஒரு தடவை வரச் சொல்லலாம். ஹால் ஃபேன் ஓடல."

பெங்குவின் நாற்காலியில் சாய்ந்தார். "தந்திரம். மணியைச் சரி பண்ணி வச்சா நான் சந்தேகப்பட மாட்டேன்னு..."

"சரியா இருக்கறதாலதானே சார் சந்தேகமே வருது."

"அதுவும் தந்திரம்தான்."

அண்ணி திரையைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மணி பத்து நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி வாங்கிக்கறேன்" என்று எழுந்தாள். போகும்போது கொழுந்தனின் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். இவரை இங்கேயே பிடித்து வை என்பது அதற்கு அர்த்தம்.

கொழுந்தன் ஒரு கணம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு, கிணற்றில் குதிப்பவன் முகத்தோடு கேட்டான்.

"சார், இந்த லினக்ஸ் லினக்ஸ்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன சார்?"

பெங்குவினின் முகத்திலிருந்த கோபம் அப்படியே கரைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்லேர்ந்து சொல்லட்டுமா?"

*

சமையலறைச் சுவரில் வட்டமான கடிகாரம் ஒன்று தொங்கியது. அதற்கு நேராகச் சமையலறை வாசல், அந்த வாசலுக்கு நேராகக் கம்ப்யூட்டர் மேஜை. அண்ணி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது கொஞ்சம் வேகமா ஓடுதே."

"நான்தான் வச்சேன்" என்றாள் ஓவிய ஆசிரியை. "எங்க கிளம்பினாலும் அவர் லேட்டு. பத்து நிமிஷம் கூட்டி வச்சா சரியா வர்றார். அவருக்குத் தெரியாது."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற மணியும் இதே பத்து நிமிஷம் வேகமா இருக்கும்மா."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அண்ணியே எட்டி அடுப்பை அணைத்தாள்.

"வெளி ஆளா இருந்தா போனைப் பாத்து மணி வச்சிருப்பாங்க. இங்க உக்காந்து தலையைத் தூக்கி இந்தக் கடிகாரத்தைப் பாத்து வச்சிருக்காங்க. அப்புறம் அந்த நகப்பூச்சு. பூசி முடிச்சதும் புட்டி வாயைத் துடைச்சு மூடற பழக்கம் இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் இருக்கும். உங்க கணவரோட பசை டியூபைத் திறக்கப் பாத்தேன். முடியல."

ஓவிய ஆசிரியை சிரிக்க முயன்றாள். அழுகையும் சேர்ந்து வந்தது.

"அவருக்கு பிரஷர் இருக்கு. சாயங்காலம் மாத்திரை போடணும். போனை நம்ப மாட்டார், டின்னுக்குள்ள போட்டுடுவார். அதனால மாத்திரைக்கு மணி அடிக்கற மாதிரி அந்தக் கம்ப்யூட்டர்லயே ஏதோ எழுதி வச்சிருக்கார். அழகா அடிக்கும். ஆனா நடுவுல ஒரு தடவை கரண்ட் போய் வந்தா போதும், மணி எல்லாம் தப்பாயிடும். போன மாசம் ரெண்டு நாள் அடிக்கவே இல்ல. மாடிப்படியில தலை சுத்தி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். வந்து என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றார். எனக்குச் சிரிப்பு வரல."

"பேட்டரி மாத்தச் சொன்னீங்களா?"

"தினமும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னார். ஜன்னல் அண்ணன்கிட்ட, நீங்க மாத்திக் கொடுங்கன்னு கெஞ்சினேன். அவர் முடியாதுன்னுட்டார். 'அவன் முத்திரை போட்டிருக்கான், அதை நான் தொட்டா சிநேகிதத்துக்கு அழகில்ல. நீங்க அந்த வீட்டு மனுஷி, நீங்க தொடலாம். நான் வாயால சொல்றேன்'னார். பிரம்பு நாற்காலியைப் பால்கனி பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்தார். இடது பக்கம் வட்டமா ஒண்ணு தெரியுதாம்மா, அதை நகத்தால நெம்புங்கம்மான்னு தெருவைப் பாத்தே சொன்னார். ஒரு தடவைகூடத் திரும்பல. நான் எல்லாம் மாத்தி, பாஸ்வேர்டுக்கு முன்னாடி வர்ற திரையிலயே மணி வச்சு, பூச்சும் பூசிட்டு, ஆச்சு அண்ணான்னு சொன்னதுக்கப்புறம்தான் திரும்பினார்."

"காலையிலயே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அவர் போன்ல கத்தி முடிச்சுட்டார். அப்புறம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். 'நீங்க தொட்டதுன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே சண்டை வரும். என் மேலயே கோபம் இருக்கட்டும். மாத்திரை மணி ஒரு வாரம் ஒழுங்கா அடிக்கட்டும், அவனே புரிஞ்சுக்குவான்'னார். எல்லாருக்கும் செய்தி அனுப்பப் போறார்னு அப்ப எங்களுக்குத் தெரியாதே."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடவுள் உதவியை அனுப்பும்போது அது எப்போதும் உதவி போலவே தெரிவதில்லை. இந்த வீட்டுக்கு அது திருட்டு போல வந்திருந்தது.

"வாங்க" என்றாள். "நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

*

கம்ப்யூட்டர் அறையில் பெங்குவின் கையை விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கொழுந்தன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் மட்டும் எப்போதோ அறையை விட்டுப் போயிருந்தன. அண்ணியைப் பார்த்ததும் உயிர் வந்தது.

ஓவிய ஆசிரியை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பெங்குவின் குறுக்கே பேசவில்லை. அவர் வாழ்நாளில் அது அபூர்வம் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

கடைசியில், "பூச்சு நீ பூசினதா?" என்றார்.

"நான்தான். நீங்க பூசியிருந்தது பாக்கச் சகிக்கல."

"அவன்?"

அவள் பிரம்பு நாற்காலியைக் காட்டினாள்.

பெங்குவின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் வீட்டு டீயைக் குடிச்சிட்டே என் வீட்டுல கை வச்சியாடான்னு கேட்டேன் மேடம்" என்றார். "அதுக்கு அவன், 'டீ நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும் சொன்னான். நக்கல் பண்றான்னு நினைச்சேன். அவன் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க கோபம் வீட்டுக்குள்ள வந்திருக்கும் சார். வாசலுக்கு வெளியவே நிக்கட்டும்னு தன் மேல எடுத்துக்கிட்டார்" என்றாள் அண்ணி. "பூட்டு போடறது நல்லதுதான். நான்கூட என் வீட்டுல ரெண்டு பூட்டு போடுவேன். ஆனா பூட்டிட்டுத் திரும்பிப் பாக்கறப்ப, பக்கத்துல நிக்கறவங்க முகத்தையும் கொஞ்சம் பாக்கணும்."

பெங்குவின் டின்னைத் திறந்தார். எழுதி வைத்திருந்த செய்தியை அழித்தார். அழித்துவிட்டு, அழிந்துவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்தார். அவர் சுபாவம் அப்படி. பிறகு நண்பரைக் கூப்பிட்டு, "டேய், வீட்டுக்கு வா" என்றார்.

நூலகம் பக்கத்துத் தெருதானே. ஜன்னல் துடைக்கும் துணியைக் கையில் வைத்தபடியே வந்து நின்றார். "என்னடா, கிளாஸுக்கு நேரமாச்சு. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான் கொஞ்ச நாளா சரியில்ல" என்றார் பெங்குவின். "உக்காரு. அங்க இல்ல. இங்க, என் பக்கத்துல."

பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் போட்டார். ஜன்னல் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். பெங்குவின் நாற்காலியில் தொங்கிய துண்டை எடுத்தார். கைமேல் போடவில்லை. நான்காக மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

"இதைத் துவைக்கப் போட்டுடு."

"எத்தனை வருஷத்து அழுக்கு இது" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கொழுந்தன் அண்ணியின் காதோரம் குனிந்தான். "அண்ணி, இப்ப யாரையாவது கைது பண்ணணுமா? இல்ல, நான் போய் டீக்குப் பால் சூடு பண்ணட்டுமா?"

"பாலைப் பாரு."

பெங்குவினின் பத்து விரல்களும் கீபோர்டின் மேல், எல்லாருக்கும் தெரியும்படி இருந்தன. முதல் எழுத்தைத் தட்டப் போகையில் பக்கத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். ஜன்னல் நாற்காலியோடு திரும்பி, பால்கனி வழியே தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"பாருடான்னுதான் பக்கத்துல உக்கார வச்சேன்."

"நீ சொல்லுவ. எனக்குப் பழக்கமாயிடுச்சு. நீ அடி."

பெங்குவின் அடித்தார். தப்பாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார், அதுவும் தப்பு. ஓவிய ஆசிரியை அவர் தோளில் கை வைத்தாள். அடுத்த முறை திறந்துகொண்டது.

திறந்த சூட்டோடு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டிங் டிங் என்று மணி அடித்தது. மாத்திரை நேரம். உண்மையான நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அடித்தது. அதை யாரும் திருத்தவில்லை. அவள் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கி விழுங்கினார்.

தெருவில் வகுப்புக்காக மறுபடி நூலகத்துக்குப் போகிற நர்ஸ் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். பால்கனி வழியே அவருக்குக் கையாட்டிவிட்டு, ஜன்னல் முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"இப்பத் திரும்பலாமா?"